கரண்டி மாறிய மாலை: ஒரு தேவாலய வார விருந்தின் நிகழ்வு ஆய்வு

ஒரு வியாழக்கிழமை மாலை எங்கள் தேவாலய மண்டபத்துக்குச் சாப்பிட வந்தவர்கள் 83 பேர். அவர்களில் கடைசி 19 பேருக்குக் குழம்பு இல்லை. சோறு இருந்தது, ரொட்டி இருந்தது. குழம்பு அண்டாவில் மட்டும் கரண்டி அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. யாருக்கும் நோய் வரவில்லை, யாரும் சண்டை போடவில்லை, மறுநாள் யாரும் புகார் சொல்லவும் இல்லை. ஆனாலும் எங்கள் விருந்தின் பலவீனம் எங்கே இருந்தது என்பதை அந்த மாலைதான் காட்டிக்கொடுத்தது. அன்று கரண்டியைப் பிடித்திருந்தவன் நான். ஆகவே இந்த ஆய்வில் நானே சாட்சி, நானே பிரதிவாதி.

பின்னணி

விருந்து தொடங்கி ஏறக்குறைய அரை ஆண்டு ஆகியிருந்தது. வாரம் ஒரு நாள், வியாழன். நான்கு மணிக்கு அடுப்பு பற்றும், ஆறரைக்குக் கதவு திறக்கும், எட்டு மணிக்கு மேசைகளை மடக்குவோம். யார் வேண்டுமானாலும் வரலாம். பெயர், மதம், வருமானம் எதையும் கேட்பதில்லை. தனியாக வாழும் முதியவர்கள், இரண்டு வேலைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் கிடைத்தவர்கள், மாணவர்கள், இரவைத் தெருவில் கழிப்பவர்கள், பிள்ளைகளோடு வரும் தாய்மார்கள் என்று மண்டபம் நிறையும். மாதத் தொடக்கத்தில் கூட்டம் சற்றுக் குறையும், கடைசி வாரத்தில் கூடும். கையில் காசு தீரும் நாளை எங்கள் வாசல் எண்ணிக்கையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

தன்னார்வலர் பட்டியலில் நாற்பது பெயர்கள் இருந்தன. உண்மையில் வருகிறவர்கள் பன்னிரண்டு, பதினான்கு பேர். பண்டிகைக் காலத்தில் நாற்பது பேரும் வருவார்கள். அப்போது நிற்க இடம் இருக்காது, ஒருவர் காலை ஒருவர் மிதிப்போம். சாதாரண வாரங்களில் பரிமாற ஆள் கிடைக்கும், பாத்திரம் கழுவத்தான் கிடைக்காது. எட்டு மணிக்குத் திடீரென்று எல்லாருக்கும் வீட்டு நினைவு வந்துவிடும்.

சமையலை நடத்தியவர் எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் அக்கா. எதை எவ்வளவு போட வேண்டும், எந்த அண்டா எதற்கு, எந்த அடுப்பு ஒருபக்கமாக எரியும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. எதுவும் எழுதிவைக்கப்பட்டதில்லை. கேட்டால், “கை அளவுதான் தம்பி” என்பார். நாங்களும் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தோம். அந்தக் கை ஒரு நாள் வராமல் போனால் என்ன ஆகும் என்று போதகரோ சபைக் குழுவோ நானோ யோசித்ததே இல்லை.

அந்த மாலை

பிற்பகல் இரண்டு மணிக்கு அக்காவிடமிருந்து போன். காலையிலிருந்து வாந்தி. வர மாட்டேன் என்றார். வராமல் இருந்தது சரியான முடிவு. வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டவர், அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை பொதுச் சமையலறைக்குள் கால் வைக்கக்கூடாது. ‘கொஞ்சம் தேவலை, சமாளித்துக்கொள்கிறேன்’ என்று வரும் ஒரு நல்ல மனம், நோரோ வைரஸ் போன்ற ஒன்றை மண்டபம் முழுவதற்கும் பந்தி வைத்துவிடும். கை தேய்க்கும் ஆல்கஹால் திரவத்துக்கு அந்த வைரஸ் எளிதில் அடங்காது. சோப்பும் ஓடும் தண்ணீரும் 20 வினாடி தேய்ப்பும்தான் வழி.

மூன்று பேர் சமையலை ஏற்றார்கள். அக்கா போனிலேயே வழி சொன்னார். குழம்பின் அளவு என்ன என்று கேட்டதற்கு, “பெரிய அண்டாவில் கைப்பிடிக்குக் கீழே இரண்டு ஆணி இருக்கும். கீழ் ஆணி வரை வரட்டும்” என்றார். அவ்வளவுதான் அளவு. பிறகு தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்: கீழ் ஆணிவரை 16 லிட்டர். ஆக, அன்று குழம்பு குறையவில்லை. எல்லா வியாழனும் இருந்த அதே 16 லிட்டர்தான்.

ஆறரைக்கு வரிசை தொடங்கியது. நீண்ட மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். நான் குழம்பு. பண்டிகை நாள் பாத்திரங்கள் கிடக்கும் இழுப்பறையிலிருந்து யாரோ ஒரு கரண்டியை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். பளபளப்பான, ஆழமான கரண்டி. “தாராளமாக ஊற்றுங்கள்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எனக்கும் அது இனித்தது. ஒவ்வொரு தட்டிலும் கரண்டி கவிழும்போது எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பேன். நன்றி சொல்வார்கள். அந்த நன்றி கொஞ்சம் போதை தரும் பொருள் என்பதைத் தன்னார்வத் தொண்டு செய்த எவரும் மறுக்க மாட்டார்கள்.

அறுபது தட்டுகளைத் தாண்டியபோது அண்டாவைச் சாய்க்க வேண்டியிருந்தது. அறுபத்து நான்காவது தட்டில் முடிந்தது. வரிசையில் அடுத்து நின்றவர் ஒரு சிறுவனின் தோளில் கைவைத்திருந்தார். நான் வெறும் அண்டாவைப் பார்த்தேன், அவரும் எட்டிப் பார்த்தார். “பரவாயில்லை” என்றார். அந்தச் சொல்லை அவர் சொல்லியிருக்கக்கூடாது. நான்தான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, சபைச் செய்தி இதழுக்காக எங்களில் ஒருவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் மூன்று பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவசரமாக ரொட்டி வெட்டினோம், சோற்றின் மேல் வெண்ணெய் வைத்தோம். சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

எல்லாரும் ஏற்ற விளக்கம்

இரவு ஒன்பது மணிக்கு மடக்கிய மேசைகளுக்கு நடுவே கூடினோம். காரணம் இரண்டே நிமிடத்தில் கிடைத்துவிட்டது: கூட்டம் கூடிவிட்டது. கூடவே ஒரு துணைக் காரணமும் முளைத்தது: சிலர் இரண்டு முறை வாங்குகிறார்கள். ‘நான் பார்த்தேன்’ என்று ஒருவர். ‘எனக்கும் சந்தேகம்தான்’ என்று இன்னொருவர். அடுத்த பத்து நிமிடத்தில் தீர்வும் வந்தது. வாசலில் பெயர் எழுதலாம், டோக்கன் கொடுக்கலாம், ஒருவரை நிறுத்திக் கண்காணிக்கலாம். கை தூக்கச் சொன்னார்கள். தூக்கிய கைகளில் என் கையும் இருந்தது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அரை ஆண்டாக ‘யாரையும் எதுவும் கேட்பதில்லை’ என்று சொல்லிவந்த பதினான்கு பேர், ஒரு அண்டா காலியானதும் இருபது நிமிடத்துக்குள் விருந்தினரைத் திருடராக்கிவிட்டோம். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. தவறு எங்கள் பக்கம் இருக்கலாம் என்ற யோசனை மேசையின் இந்தப் பக்கத்தில் எவருக்கும் எழவில்லை, அவ்வளவுதான்.

அந்த விளக்கத்தை முதலில் உடைத்தது வாசல் கணக்கு. கதவருகே ஒரு பள்ளி மாணவி எண்ணிச் சொடுக்கும் சின்னக் கருவியோடு உட்கார்ந்திருப்பாள். அவளுடைய நோட்டில் முந்தைய நான்கு வாரங்கள் இப்படி இருந்தன: 79, 86, 81, 88. அன்று 83. 88 பேர் வந்த வாரம் எல்லாருக்கும் குழம்பு கிடைத்தது. அதே 16 லிட்டரில், அதைவிட ஐந்து பேர் குறைவாக வந்த நாளில் எப்படித் தீரும்? இந்த நோட்டு அன்றிரவும் அங்கேதான் இருந்தது. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நான் பார்த்ததே நான்கு நாள் கழித்து, வேறு எதையோ தேடும்போது.

கரண்டி

மறு வியாழன் ஐந்தரை மணிக்கே ஒரு அம்மா வந்து படியில் உட்கார்ந்திருந்தார். கதவை ஒட்டிய மேசையில் வழக்கமாகச் சாப்பிடுகிறவர். போன வாரம் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று அருகே போனேன். அவருக்குக் குழம்பு கிடைத்திருந்தது. ஆனாலும் யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருந்தது.

“அன்றைக்குக் கரண்டி வேறு, தம்பி” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“சமைக்கிற அந்தப் பெண் ஊற்றினால் தட்டின் உள்வரை வந்து நிற்கும். நீங்கள் ஊற்றியது விளிம்பைத் தொட்டது. சோறு தீர்ந்த பிறகும் குழம்பு கிடந்தது. பின்னால் நிற்கிறவர்களுக்கு வராது என்று அப்போதே நினைத்தேன்.”

“சொல்லியிருக்கலாமே அம்மா?”

“வரிசையில் நின்று கை நீட்டுகிறவள், அதிகமாக ஊற்றாதே என்று சொன்னால் யார் கேட்பார்கள்?”

உள்ளே போய்த் தேடினேன். அக்காவின் கரண்டி மசாலா டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு கொக்கியில் தொங்கியது. பிடி சற்று வளைந்த, மங்கிப்போன பழைய கரண்டி. அளவுக் குவளையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். அது 180 மில்லி. என் கையில் கொடுக்கப்பட்ட பளபளப்பான கரண்டி 250 மில்லி. 16 லிட்டரை 180ஆல் வகுத்தால் 88 தட்டுகள். 250ஆல் வகுத்தால் 64.

அறுபத்து நான்கு. நான் நின்றுபோன தட்டு.

88 பேர் வந்த வாரத்தில் அக்கா அண்டாவைக் கவிழ்த்து வழித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று கூட ஒருவர் வந்திருந்தால் அவருக்கு இருந்திருக்காது. எங்கள் விருந்து ஆறு மாதமாக ஒரு பழைய கரண்டியின் குழிவில் ஓடிக்கொண்டிருந்தது; அது எந்தக் கரண்டி என்று தெரிந்தவர்கள் இருவர். ஒருவர் வாந்தியில் படுத்திருந்தார். இன்னொருவர் வரிசையில் நின்றார்.

அன்றைய குப்பை வாளி ஏன் அவ்வளவு கனமாக இருந்தது என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. முதலில் வந்தவர்களின் தட்டுகளில் மிஞ்சிய குழம்பை நாங்கள் வாளியில் வழித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் கடைசியில் நின்றவர்களுக்கு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தோம். என் தாராளம் ஒருவருடைய வயிற்றுக்கும் போகவில்லை.

இடையில் ஒரு சோற்று அண்டா

குழம்பு முன்பே தீர்ந்ததால் சோறு நிறைய மிஞ்சியது. இந்தக் கிளைக் கதையை விட்டுவிட மனமில்லை. உண்மையில் அன்று நடந்தவற்றில் ஆபத்தானது இதுதான்.

மிஞ்சிய சோற்றை மூடிபோட்டு அடுப்பின் மேலேயே வைத்துவிட்டுப் போனோம். காலையில் பொட்டலம் கட்டிக் கொடுக்கலாம் என்று எண்ணம். மறுநாள் ஒன்பது மணிக்கு நான் திறந்தபோது மேலே ஆறியிருந்தது. கரண்டிக் காம்பை நடுவில் செருகி எடுத்துத் தொட்டேன். வெதுவெதுப்பு. பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகும்.

சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், 60 டிகிரி செல்சியஸுக்கு மேலே சூடாக வையுங்கள் அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிரவையுங்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் பரப்பிவரும் ஐந்து அடிப்படை விதிகளில் அடங்கியது. நடுவில் உள்ள வெப்பநிலை நுண்ணுயிரிகளுக்குத் தொட்டில். சோற்றில் குறிப்பாக பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். கொதியில் அவை சாவதில்லை. சோறு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. இறைச்சிக் குழம்பை அண்டாவோடு விட்டுவைத்தால் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற இன்னொரு பாக்டீரியா இதேபோல் முளைத்துப் பெருகும். பெருஞ்சமையல் நடக்கும் இடங்களில் அது பழைய குற்றவாளி.

வீட்டில் மூன்று பேருக்கு வடித்த சோறு ஆறிவிடுகிறதே, அண்டாச் சோறு ஏன் ஆறவில்லை? சூடு சோற்றுக்குள் ஊர்ந்துதான் வெளியே வர வேண்டும். ஊர வேண்டிய தூரம் இரண்டு மடங்கானால் ஆறும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகையால் மிஞ்சியதை உடனே அகலமான தட்டங்களில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பிக் குளிர்பெட்டிக்குள் வைக்க வேண்டும். பெருஞ்சமையலறைகளில் வழங்கும் கணக்கு இது: முதல் 2 மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கு இறங்க வேண்டும், அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு. வீட்டில் சமைத்துப் பழகிய கைக்கு இது வராது, எங்களுக்கும் வரவில்லை.

சோற்றைக் கொட்டினோம். ஒரு பெரியவர் கண் கலங்கிவிட்டார். “19 பேருக்கு இல்லை என்று சொல்லிவிட்டு இத்தனை சோற்றைக் கொட்டுகிறீர்களே, இது பாவம் இல்லையா?” என்றார். பாவம்தான். ஆனால் அந்தப் பாவத்தை முந்தைய இரவு ஒன்பது மணிக்கே செய்து முடித்திருந்தோம். காலையில் நாங்கள் செய்தது அதை மற்றவர் வயிற்றில் இறக்காமல் இருந்தது மட்டுமே. இலவசமாகக் கிடைத்த சோறு என்பதால் அதைச் சாப்பிட்டவர் சந்தேகப்பட மாட்டார், நோய் வந்தாலும் நம்மிடம் வந்து சொல்ல மாட்டார். அதனால்தான் இங்கே கூடுதல் கவனம் வேண்டியிருக்கிறது.

மேசைக்கு அந்தப் பக்கம்

கரண்டியைக் கண்டுபிடித்ததும் என் அறிக்கையை முடித்திருக்கலாம். ‘ஒரே அளவுக் கரண்டியைப் பயன்படுத்துக’ என்று ஒரு வரி. ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்வி என்னை விடவில்லை. தெரிந்த ஒருவர் சொல்ல முடியாத இடத்தில் நின்றிருக்கிறார். அந்த இடத்தை அமைத்தவர்கள் நாங்கள்.

தமிழ் வேதாகமத்தை வாசித்து வளர்ந்தவர்களுக்குப் பந்திவிசாரணை, அதாவது உணவுப் பந்தியைக் கவனிக்கும் வேலை, என்ற சொல் பழக்கம். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் வருகிறது. எருசலேமில் முதல் சபையின் அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள். அவர்களைச் சேர்ந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். சபையை நடத்திய இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்கள் ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்கிறார்கள். இந்தப் பகுதியைப் பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். வேலையைப் பகிர்ந்துகொடுங்கள் என்று அறிவுறுத்துவதற்காகவே பெரும்பாலும் எடுப்பார்கள். நான் கவனிக்காமல் விட்டது அந்த ஏழு பெயர்களை. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர் என்று போகும் அந்த ஏழும் கிரேக்கப் பெயர்கள். அதாவது முறையிட்ட தரப்பிலிருந்தே ஆட்களை எடுத்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் வாசிக்கிறார்கள். யாருக்குக் கிடைக்காமல் போனதோ அவர்கள் பக்கத்தார் கையிலேயே பங்கீடு. கண்காணிப்பாளரை நியமிக்கவில்லை, டோக்கன் கொடுக்கவில்லை.

முதல் நூற்றாண்டின் நடுவில் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில் பவுல் கடிந்துகொள்வதும் ஒரு சாப்பாட்டு மேசையைப் பற்றித்தான். முந்தி வந்தவர்கள் தங்கள் பங்கை முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள். ஒருவன் பசித்திருக்கிறான், மற்றவன் குடித்து வெறித்திருக்கிறான். அவர் கடைசியில் சொல்லும் தீர்வு, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பும் வரிசையின் முனையில் நின்றவருக்குத்தான் குறைந்திருக்கிறது.

1933இல் நியூயார்க்கில் டாரதி டேயும் பீட்டர் மோரினும் தொடங்கிய கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தின் இல்லங்களில், சாப்பிட வருகிறவர்களை விருந்தினர் என்றே அழைத்துவருகிறார்கள். நாங்களும் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினோம். ஆனால் எந்த வீட்டில் விருந்தினர் தட்டேந்தி வரிசையில் நிற்கிறார்?

மாற்றியது, மாற்றியதில் சறுக்கியது

வரிசையை எடுத்துவிட்டோம். ஒரு தட்டுக்கு 20 வினாடி என்றாலும் 83 பேர் கடக்க ஏறக்குறைய 28 நிமிடம் ஆகும். கடைசியில் நிற்பவர் அவ்வளவு நேரமும் முன்னால் போகிறவர்களின் தட்டைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். இப்போது 11 மேசைகள், மேசைக்கு 8 பேர். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு குழம்புக் கிண்ணம் போகிறது: அக்காவின் கரண்டியில் எட்டு. எட்டு முறை 180 என்பது 1.44 லிட்டர், பதினொரு கிண்ணமும் சேர்ந்தால் 16 லிட்டருக்குச் சற்றுக் கீழே. எல்லா மேசைக்கும் போன பிறகே மறுபடி. உட்கார்ந்தவர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கிறார்கள். பத்து நிமிடத்தில் எல்லார் தட்டிலும் சாப்பாடு. மேசைக்குப் போன கிண்ணத்தில் மிஞ்சுவதை மறுபடி அண்டாவில் சேர்ப்பதில்லை. அது கண்டிப்பான விதி. ஒரு மேசையில் யார் அதிகம் போட்டுக்கொண்டார் என்று ஒரு முறை சச்சரவு வந்தது. அவர்களே தீர்த்துக்கொண்டார்கள். நாங்கள் தலையிட்டிருந்தால் வளர்ந்திருக்கும்.

படம் எடுப்பதை முற்றாக நிறுத்தினோம். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதிய அட்டையை வாசலில் வைக்கிறோம். பால், முட்டை, மீன், இறால், நண்டு போன்ற ஓட்டுடலிகள், நிலக்கடலை, மரக்கொட்டைகள், சோயா, கோதுமை ஆகிய எட்டும் ஒவ்வாமைக்குப் பேர்போனவை என்பதால் அவற்றைத் தடித்த எழுத்தில் எழுதுகிறோம். ஒரு தெர்மாமீட்டர் வாங்கினோம். இதற்கெல்லாம் விவாதமே வரவில்லை.

விவாதம் வந்தது பிரசங்கத்துக்கு. எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்கிறார்கள், இனிச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் வசனம் சொல்லலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். அவர் நல்ல மனிதர், கேட்டதும் உண்மையான விசுவாசத்தில். பசித்தவரை உட்காரவைத்து, கிண்ணத்தைக் கண்ணில் காட்டிவிட்டுப் பத்து நிமிடம் பேசினால் அவர் கேட்பது வசனத்தையா, கிண்ணத்தின் மூடியையா என்று நான் கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். முடிவில் போதகர் ஒரு வாக்கிய ஸ்தோத்திரத்தோடு நிறுத்திக்கொண்டார். எட்டு மணிக்குப் பிறகு ஆலயக் கதவு திறந்திருக்கும், போகிறவர்கள் போகட்டும். இரண்டு மூன்று பேர் போகிறார்கள். அங்கே சாப்பிட வந்தவர், பரிமாற வந்தவர் என்று பார்த்தால் தெரியாது.

பெரிய சறுக்கல், விருந்தினரைப் பொறுப்பில் சேர்த்ததில் நடந்தது. எருசலேமின் ஏழு பேரைப் படித்த உற்சாகத்தில் நான் மேசை மேசையாகப் போய், “நீங்களும் எங்களோடு சேர்ந்து செய்யுங்கள்” என்று கேட்க ஆரம்பித்தேன். சிலர் மகிழ்ச்சியாக வந்தார்கள். ஒருவர் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. ஒரு மாதம் கழித்துத் தெருவில் பார்த்துக் கேட்டபோது, “அங்கே வந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்றுதான் ஐயா வந்தேன்” என்றார். சாப்பாட்டுக்கு ஈடாக வேலை கேட்பதாக அவருக்குப் பட்டிருக்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இப்போது கேட்பதில்லை. வேலைகள் எழுதிய ஒரு தாள் சுவரில் தொங்குகிறது, பக்கத்தில் பென்சில் கட்டியிருக்கிறது. எழுதுகிறவர்கள் எழுதுகிறார்கள். அந்த மனிதர் திரும்ப வந்தார், சாப்பிடுகிறார், போகிறார்.

அக்காவும் வருத்தப்பட்டார். அளவுகளை நோட்டில் எழுத வேண்டும் என்றதும், “என் மேல் நம்பிக்கை போய்விட்டதா?” என்று கேட்டார். இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆறு மாதம் எங்களைத் தாங்கிய கையிடம் போய் அளவுகோலை நீட்டினால் வேறு என்ன தோன்றும்? கடைசியில் அவரைச் சம்மதிக்கவைத்தது ஒரு விளையாட்டு. உப்பை அவர் கையால் பிடித்துத் தராசில் போடச் சொன்னோம். பத்து முறை போட்டார். முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. மண்டபத்தில் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். அவரே நோட்டை வாங்கி, “எழுதுங்கள், என் ஒரு பிடி இவ்வளவு” என்று சொல்ல ஆரம்பித்தார். முதல் பக்கத்தில் கீழ் ஆணி, இரண்டாம் பக்கத்தில் கரண்டி.

தீராதது

பாத்திரம் கழுவுவதற்கு இன்னும் ஆள் சேரவில்லை. மூன்று தொட்டிகள் வைத்திருக்கிறோம்: சோப்பு நீர், நல்ல நீர், கிருமிநீக்கி. துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும் என்பதால் எட்டேமுக்காலுக்கும் யாராவது இருந்தாக வேண்டும். முறை வைத்துப் பார்த்தோம், பாட்டுப் பாடிப் பார்த்தோம். போன மாதம் சுவரிலுள்ள தாளில் ‘கழுவுதல்’ என்பதைப் பட்டியலின் முதல் வரிக்கு மாற்றினேன். ஒரு கல்லூரி மாணவர் மட்டும் பெயர் எழுதினார். மாதக் கடைசி வாரம் 88ஐத் தாண்டினால் என்ன செய்வது என்பதும் நிற்கிறது. சிறிய அண்டாவில் நான்கு லிட்டர் கூடுதலாக வைக்கிறோம், சில வாரம் அதுவும் தீர்கிறது.

கதவருகே உட்காரும் அந்த அம்மா மூன்றாவது மாதத்தில் பென்சிலை எடுத்தார். பெயருக்கு நேராகக் குழம்பு என்று எழுதியிருந்தார். அக்கா தன் கரண்டியைக் கொக்கியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தார். நான் இப்போது மாதத்தில் ஒரு வியாழன் வேலை செய்யாமல் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்; தன்னார்வலர் எல்லாருக்கும் அது முறை. முதல் தடவை உட்கார்ந்தபோது கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. அன்று எங்கள் கிண்ணம் சீக்கிரம் காலியாகிவிட்டது. எடுத்துக்கொண்டு அண்டாவுக்குப் போனேன். அந்த அம்மா கரண்டியை அண்டா விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி வழிவதை உதிர்த்துவிட்டு, அடுத்த மேசைக்கான கிண்ணத்தில் ஊற்றினார். பிறகு என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார்.

“எல்லாருக்கும் ஆகட்டும், தம்பி. போய் உட்காருங்கள்.”